மூக்குத்தி புதைத்த மனை

மிருணாளினி அக்காவை நான் முதலில் பார்த்தபோது, சமையலறை மேசையில் பழைய விளம்பரத் தாள்களை விரித்துப்போட்டு, பல் விளக்கும் பிரஷால் ஒரு குட்டிப் பொம்மைக் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெல்பேர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் ஓர் அறை வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு அதைப் பார்க்கப் போயிருந்தேன்.

“தம்பி, அறை ஓடிப் போகாது. முதல் இதைப் பாரும். அல்டோனா கடற்கரையில எடுத்தனான். எத்தினை வருசம் மண்ணுக்க கிடந்ததோ, சில்லு இன்னும் சுத்துது.”

காரை என் உள்ளங்கையில் வைத்து விரலால் தள்ளிக் காட்டினார். உண்மையிலேயே சுற்றியது. அறையைப் பார்க்காமலேயே சரி என்றுவிட்டேன்.

அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சிறுமியாக இருக்கும்போதே குடும்பத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மெல்பேர்னிலேயே படித்து, இப்போது ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர். வேலையையும் பொழுதுபோக்கையும் அவரே ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “பிள்ளையள் விழுங்கின காசை வேலையில பாக்கிறன். பெரியாக்கள் தொலைச்ச காசை லீவு நாளில பாக்கிறன்.”

கொழுப்பு கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதில் தொடங்கியதாம் இது. “சும்மா நடக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது தம்பி. ஒரு அலுவல் இல்லாட்டி என்ர கால் அசையாது.” மனைவியின் காலை அசைக்க, கணவர் தேவராஜா அண்ணை யாரோ பயன்படுத்தி விற்ற மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பிறந்தநாள் பரிசென்று விளையாட்டுக்குக் கொடுத்திருக்கிறார். விளையாட்டு அவர் மேலேயே திரும்பிவிட்டது. இன்று வீட்டுக் கராஜில் அவருடைய காருக்கு இடமில்லை.

“இது வீடில்லை, பழைய இரும்புக்கடை” என்று அண்ணை என்னிடம் புலம்புவார்.

“ஓம், கடை முதலாளியும் பழசுதான்” என்று உள்ளே இருந்து பதில் வரும்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் களை பறித்த கையால் பொறியியல் பட்டம் வாங்கியவன். படித்ததை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க எனக்கு இன்னும் வரவில்லை. அந்தக் கருவியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டேன். கம்பின் நுனியில் தட்டு மாதிரி இருக்கிறதே, அதற்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, அதில் மின்சாரம் ஓடினால் மண்ணுக்குள் காந்தப்புலம் இறங்கும், அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது திருப்பி ஒரு சைகை அனுப்பும், அதுதான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“ஓம் ஓம். எனக்கும் பிசிக்ஸ் படிப்பிச்சவை. இப்ப இந்த மெஷினைத் தூக்கி காரில வையும்.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகத் தொடங்கினேன். கடலோரத்துக்குப் பெரிய தட்டு, குப்பை நிறைந்த பூங்காக்களுக்குச் சின்னத் தட்டு, காதில் மாட்ட ஹெட்போன், ஓட்டை போட்ட மண்வாரி, குழிக்குள் விட்டுத் தடவிப் பார்க்க டார்ச் அளவில் ஒரு கைக்கருவி, முழங்காலுக்கு மெத்தை. இவ்வளவும் கொண்டு போய் நாங்கள் எடுத்ததில் முக்கால்வாசி பீர் மூடியும் குளிர்பானக் கேனின் வளையமும்தான். மிச்சக் கால்வாசி முறுக்கு டின்களில் பத்திரமாக இருக்கிறது: பழைய பென்னிக் காசுகள், பித்தளைப் பொத்தான்கள், சாவிகள், யாரோ ஒருவருடைய தங்கப் பல். அந்தப் பல்லை மட்டும் அண்ணை சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்.

தோண்டினால் குழியை மூடுவது, கேட்காமல் யாருடைய மண்ணிலும் கால் வைக்காதது, இரண்டிலும் அக்கா விட்டுக்கொடுக்கவே மாட்டார். பிறகு இன்னொன்றும் இருந்தது. யாராவது நகையைத் தொலைத்துவிட்டுத் தேடித்தரக் கூப்பிட்டால் போகமாட்டார். காரணத்தை ஒருநாள் காரில் சொன்னார். வில்லியம்ஸ்டவுன் கடற்கரையில் ஒரு பெண்ணின் மோதிரத்தைத் தேடிக் கடல் வற்றி மறுபடி ஏறும்வரை நடந்திருக்கிறார். கிடைக்கவில்லை.

“எடுத்து வச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்லுறாளோ எண்டு அந்த மனுசி என்னைப் பாத்தா. வாயால கேக்கேல்லைத் தம்பி. பாத்தா. அதுவே காணும், போதும்.”

ஆகவேதான் மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிரதீப்குமாரும் வைதேகியும் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டேன். பிரதீப் என் அலுவலக நண்பன், திருச்சிக்காரன். வைதேகி அவன் மனைவி. அக்காவின் கருவியைப் பற்றி அவனிடம் பெருமையடித்ததே நான்தான்.

“அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றான் பிரதீப்.

“ஒண்ணா?” என்றாள் வைதேகி. அவள் கண் வீங்கியிருந்தது.

நடந்தது இதுதான். அவர்கள் பொயிண்ட் குக்கைத் தாண்டி, புதிதாகப் பிரித்த மனைப் பகுதியில் ஓர் இடம் வாங்கியிருந்தார்கள். தை மாதத்தில் நாள் பார்த்து, விடிவதற்கு முன் பூமி பூஜை போட்டார்கள். ஐயர் ஸ்ரீரங்கத்திலிருந்து வீடியோ காலில். ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, சின்னச் செம்புச் சொம்பு ஒன்றில் நவதானியமும் பூஜைக் கடையில் வாங்கிய பஞ்சலோகத் துண்டுகளும் போட்டுப் புதைக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஐயர், “கடைல விக்கற தங்கத்துல தங்கமே இருக்காது. ஆத்துல ஒரு குந்துமணி நிஜத் தங்கம் இருந்தா போடுங்கோ” என்று சொல்லிவிட்டார். பூஜைச் சாமான் எடுத்துவந்த பையில் வைதேகியின் குங்குமச் சிமிழும் இருந்தது. அதற்குள் நகைக்கடை ரோஸ் தாளில் மடித்து ஓர் ஒற்றைக்கல் மூக்குத்தி. திருகாணி இல்லை. வைதேகி குத்துவிளக்கு காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். பிரதீப் தாளைப் பிரித்து அதைச் சொம்புக்குள் போட்டுவிட்டான்.

“உடைஞ்ச தங்கம்தானேன்னு நெனச்சேங்க்கா. வீட்டுக்குத்தானே போகுதுன்னு…”

“அது எங்கம்மாவோடதுக்கா” என்றாள் வைதேகி. “கடைசியா அம்மா மூக்குலேர்ந்து கழட்டினது. திருகு அப்பவே எங்கயோ விழுந்துருச்சு. அப்பா ஏர்ப்போர்ட்ல வச்சு என் கையில குடுத்தாரு. வேற எதையும் நான் எடுத்துக்கல.”

அவளுடைய அப்பா அடுத்த வாரம் திருச்சியிலிருந்து மெல்பேர்ன் வருகிறார். வரும்போது அந்த மூக்குத்திக்குப் புதுத் திருகு செய்து கொண்டுவருவதாகவும், மகள் மூக்குக் குத்திக்கொண்டு அதைப் போட வேண்டும் என்றும் ஆசை. தண்டின் அளவு வேண்டும், ஆசாரி கேட்கிறார் என்று நாள் தவறாமல் போன் செய்துகொண்டிருக்கிறார். அளவு எடுக்கத்தான் வைதேகி சிமிழைத் திறந்திருக்கிறாள். அதன்பிறகு அப்பாவின் போனை எடுக்கவே இல்லை.

“திங்கக்கெழம காலைல மெஷின் வந்து மண்ண வெட்டி லாரில அள்ளிட்டுப் போயிருவாங்க. நாங்களே தோண்டிப் பாத்தோம், எடம் சரியாத் தெரியல” என்றான் பிரதீப்.

அக்கா வைதேகியை உட்காரச் சொல்லி, தானும் எதிரே உட்கார்ந்தார். பிறகு, “நான் உப்பிடித் தேடப் போறேல்லை, பிள்ளை” என்றார்.

வைதேகி தலையை ஆட்டினாள். “தெரியும்க்கா. இவரு சொன்னாரு. கெடைக்கலன்னா கெடைக்கல. யாரையும் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். தேடினோம்னு எங்கப்பாகிட்ட சொல்றதுக்காவது…”

“சொம்பு உண்மையான செம்போ?”

“ஆமாக்கா, செம்புதான். எங்க மாமியார் குடுத்தது.”

“செம்பெண்டால் நல்லாக் கத்தும்” என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “கடல் மாதிரி நிலம் ஓடாது. வைச்ச இடத்திலதான் கிடக்கும்.” எழுந்து ஷூவைத் தேடினார். “தம்பி, சின்னத் தட்டையும் எடும்.”

நிலமும் ஓடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பகுதி முழுக்க வெட்டவெளி. சில மனைகளில் மரச்சட்டம் எழும்பியிருந்தது, சிலதில் அடித்தளம், மிச்சமெல்லாம் புல் காய்ந்த கட்டாந்தரை. பிரதீப்பின் மனையில் அவன் பெயர் எழுதிய பலகை நின்றது. திசைகாட்டியைப் போனில் திறந்து, அங்குமிங்கும் நடந்து, “இதுதான் ஈசானியம்” என்று காட்டினான். அவன் ஏற்கெனவே தோண்டிய குழிகள் எலிவளை மாதிரி கிடந்தன.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டைத் தரையோடு தரையாக வீசத் தொடங்கினார். மேற்கு மெல்பேர்ன் மண்ணில் எரிமலைக் கற்கள் அதிகம். அவற்றிலும் இரும்பு உண்டு. ஒவ்வொரு கல்லும் நான்தான் நான்தான் என்று கத்தியது. வேலிக் கம்பித் துண்டு, ஆணி, அலுமினியத் தாள், மறுபடி ஆணி. மூலையை முடித்து, பிறகு மனையின் கிழக்குப் பக்கம் முழுவதும், பிறகு வடக்குப் பக்கம் முழுவதும் நடந்தார். செம்பு மட்டும் கத்தவில்லை.

வெயில் ஏறியது. பிரதீப் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“நல்லா யோசிச்சுப் பாரு. எங்க வெட்டின?” என்றாள் வைதேகி.

“இங்கதான்டி. நீயும்தானே பக்கத்துல நின்ன?”

“நான் வெளக்கப் பாத்துட்டு நின்னேன். நீ ஐயரப் பாத்துட்டு நின்ன. யாருமே மண்ணப் பாக்கல.”

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகத்தில் அந்த வில்லியம்ஸ்டவுன் சோர்வு தெரிந்தது. ஒருவேளை போகலாம் என்று சொல்லப்போகிறாரோ என்று நினைத்தேன்.

“பூசை போட்ட படம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டார்.

வைதேகி போனை நீட்டினாள். பட்டுப்புடவை, வேட்டி, விளக்கு, பின்னால் வெளுத்துவரும் வானம். அக்கா அதை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, மருத்துவமனையில் பிலிமைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எங்கட வேலையில முதல் பாக்கிறது எலும்பையில்லை. இது ஆருடைய படம், எந்தப் பக்கம் எண்டதைத்தான். வலது காலுக்கு வந்தவனுக்கு இடது காலை எடுத்திட்டு நிண்டால் என்ன செய்யிறது?” போனை என்னிடம் தந்தார். “தம்பி, படத்தில பின்னால நிக்கிற லைட் கம்பத்தைப் பாரும். இப்ப இஞ்ச எனக்கு அதைக் காட்டும்.”

நாங்கள் நாலு பேரும் சுற்றிப் பார்த்தோம். அந்த மனைக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பமே இல்லை. தெருவின் மறுகோடியில்தான் ஒன்று நின்றது.

பிரதீப் மெதுவாக எழுந்தான். போனில் மனைப் பகுதியின் வரைபடத்தைத் திறந்தான். பள்ளியில் வரைபடத்தில் மேலே வடக்கு என்றுதானே படித்தோம்? அவனும் அப்படியே நினைத்துக்கொண்டு, இருட்டில் தெருவின் ஒரு முனையிலிருந்து மனைகளை எண்ணியிருக்கிறான். இந்த வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தது. பெயர்ப்பலகை வைத்ததெல்லாம் பூஜைக்குப் பிறகுதான். ஈசானிய மூலையை மட்டும் திசைகாட்டி வைத்துச் சரியாகக் கண்டுபிடித்தவன், மனையையே மாற்றிவிட்டான்.

“அப்போ…” என்றாள் வைதேகி. “நாம அடுத்தவன் வீட்டுக்கா பூஜை போட்டோம்?”

“சிறப்பாத்தான் போட்டிருக்கிறியள்” என்றார் அக்கா.

தெருவின் அந்த முனைக்கு ஓடினோம். கம்பம் இருந்தது. படத்தில் இருந்த அதே சாய்வு. ஆனால் மனை படத்தில் இருந்ததுபோல் இல்லை. சுற்றிக் கம்பி வேலி, பூட்டிய வாசல், உள்ளே தரையைச் சமமாக வெட்டி, அடித்தளத்துக்கு இரும்பு வலை முழுவதும் விரித்திருந்தது. கான்கிரீட் ஊற்றுவதுதான் பாக்கி.

வைதேகி வேலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. அவ்வளவு இரும்புக்குப் பக்கத்தில் எந்தக் கருவியும் பேய் பிடித்தது மாதிரி அலறும். அக்கா வேலியில் தொங்கிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். கட்டுமான மேற்பார்வையாளர் டேரன், அலைபேசி எண். இரண்டு மனைக்கும் ஒரே கட்டுமானக்காரர்தான்.

“வேலி சின்னதுதான்க்கா, ஏறிடலாம்” என்றான் பிரதீப்.

“ஏறினால் நான் வீட்ட போயிடுவன்.”

அக்கா டேரனை அழைத்தார். சனிக்கிழமை மதியம், அந்த மனிதர் மகனுடைய கிரிக்கெட் ஆட்டத்தில் இருந்தார். ஆங்கிலத்தில் அக்கா விளக்கியதைக் கேட்க எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஒரு பானையைப் புதைத்திருக்கிறார்கள், இல்லை, சாம்பல் இல்லை, இல்லை, உயிருள்ளது எதுவும் இல்லை, தானியம், ஆமாம், சாப்பிடும் தானியம்தான், அதில் அந்தப் பெண்ணின் தாயாருடைய மூக்கு நகை தவறி விழுந்துவிட்டது. டேரன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “தாயாருடையதா?” என்று கேட்டாராம். பக்கத்து ஊரான வெரிபியில்தான் இருக்கிறேன், வருகிறேன், ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் கதவைத் திறக்க மாட்டேன் என்றார். அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது.

டேரன் வந்தபோது வீட்டுக்காரரின் சம்மதமும் வந்திருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அம்மாதான் அந்த மனைக்காரர். சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: நகையை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் என் மண்ணுக்குப் பிரார்த்தனை செய்து வைத்த மற்றதெல்லாம் என் மண்ணிலேயே இருக்க வேண்டும்.

“குடுத்துர்றோம், சொம்போட குடுத்துர்றோம்” என்றான் பிரதீப் கையெடுத்துக் கும்பிட்டு.

டேரன் இரும்பு வலையின் வடகிழக்கு மூலையைக் காட்டி, அந்த மூலை மேடாக இருந்ததால் அங்கேதான் ஆழமாக வெட்டினோம் என்றார். முழங்கை ஆழத்தைவிட அதிகமா என்று அக்கா தன் கையை நீட்டிக் கேட்டார். அதைவிட அதிகம். அப்படியென்றால் சொம்பு வலைக்கு அடியில் இல்லை. வெட்டிய மண்ணோடு போயிருக்கிறது. மண் எங்கே?

டேரன் மனையின் பின்பக்கத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு மண்மேடு. உங்கள் அதிர்ஷ்டம், லாரி திங்கட்கிழமைதான் வருகிறது என்றார்.

அடித்தளத்துக்கு அடியில் இல்லை என்பதே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த மேட்டை நாலு பேர் சேர்ந்து சலித்தால்கூடத் திங்கட்கிழமைக்குள் முடியாது. அக்கா தட்டை மேட்டின் அடிவாரத்தில் வைத்ததும் சத்தம். ஒரு அடி தள்ளி வைத்தாலும் சத்தம். வெட்டிய கம்பித் துண்டுகளும் வெப்பத்தைத் தடுக்கச் சுவரில் ஒட்டும் தாளின் அலுமினியச் சுருள்களும் மண்ணோடு கலந்திருந்தன. நான் கையிலிருந்த மண்ணை உதறிக்கொண்டு மேட்டைச் சுற்றிவந்தபோது, அதன் தெற்குச் சரிவில், நிழல் விழும் பக்கத்தில், ஒரு கொத்துப் பச்சை கண்ணில் பட்டது.

களைதான் என்று தாண்டப் போனேன். கால் நின்றுவிட்டது. களை பறித்தே வளர்ந்தவனுக்கு எது களை, எது பயிர் என்று தெரியாமலா போகும்? இரண்டு இலை விரித்து நின்றது பச்சைப்பயறு. பக்கத்தில் சிறு சிறு இலையாக அடுக்கிக்கொண்டு கொண்டைக்கடலை. நடுவில் ஊசி மாதிரி கோதுமை. பாரும் பாத்தியும் இல்லாமல் எல்லாம் ஒரே பிடியில் முளைத்திருந்தது. போன வாரம் பெய்த மழைக்கு எழுந்திருக்க வேண்டும்.

“அக்கா! நவதானியம்!” என்று நான் போட்ட கூச்சலில் டேரன் பயந்துபோய்ப் பாம்பா என்று கேட்டார்.

அக்கா முளைகளுக்கு மேல் தட்டைப் பிடித்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டார். தெளிவான, உயரமான, ஒரு சுருதி.

“செம்பு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கையாலேயே தோண்டினோம். சொம்பு வந்தது. இயந்திரத்தின் பல் பட்டு அப்பளம் மாதிரி நசுங்கி, வாய் கிழிந்து, உள்ளே வெறும் மண். வைதேகி அதை வாங்கிக் கவிழ்த்துத் தட்டினாள். மூன்று கடலை விழுந்தது. மூக்குத்தி இல்லை.

“பதறாதேங்கோ பிள்ளை. கிழிஞ்ச இடத்தால கொட்டியிருக்கு. தானியம் எங்க கொட்டிச்சுதோ அங்கதான் அதுவும்.” அக்கா பெரிய தட்டைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினார். “இனித்தான் உண்மையான வேலை. சின்னத் தங்கம் செம்பு மாதிரிக் கத்தாது. அலுமினியத் தாள் மாதிரித்தான் முனகும். இது குப்பைச் சத்தமெண்டு ஒண்டை விட்டாலும், அதுதான் மூக்குத்தியா இருக்கும். அதால எல்லாக் குப்பையையும் எடுக்கோணும்.”

பச்சை முளைத்த இடத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாஸ்டிக் தாளில் அள்ளிப்போட்டுப் பரப்பினோம். அக்கா ஒவ்வொரு குவியலின் மேலும் தட்டை நகர்த்துவார். முனகினால் அந்தக் குவியலை இரண்டாகப் பிரிப்போம். எது முனகுகிறதோ அதை மறுபடி இரண்டாக. கடைசியில் ஒரு கைப்பிடி மண் மிஞ்சும்போது கைக்கருவியால் தொட்டுப் பார்ப்பார். அலுமினியச் சுருள். அடுத்தது, அலுமினியச் சுருள். அடுத்தது, பூஜைக் கடை ஈயத் துண்டு. பிரதீப் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதன்பிறகு பித்தளைத் துண்டு, செம்புத் துண்டு. நகம் அளவு வெள்ளி.

“பஞ்சலோகத்துல நாலு வந்துருச்சு” என்றான் பிரதீப்.

“அஞ்சாவதுதான் வேணும்” என்றாள் வைதேகி. அவன் தோளில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். எப்போது சாய்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

மஞ்சளாக ஒன்று வந்தபோது எல்லோரும் குனிந்தோம். கடைத் தங்கம். ஐயர் சொன்னது சரி, தேய்த்ததும் மஞ்சள் கையோடு வந்தது. டேரன், மகன் ஆட்டம் முடிந்திருக்கும் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே, தானும் முழங்காலிட்டு மண்ணைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த குவியல் மிக மெலிதாக முனகியது. எனக்குக் கேட்கவே இல்லை. அக்கா தட்டைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். பிரித்தோம். இடப்பக்கம். பிரித்தோம். மறுபடி இடப்பக்கம். ஒரு பிடி மண்ணை அக்கா உள்ளங்கையில் எடுத்துக் கைக்கருவியைக் கிட்டக் கொண்டுபோனார். அது அவர் கைக்குள் தேனீ மாதிரி ரீங்கரித்தது.

“தண்ணிப் போத்தலைத் தாரும்.”

விரல்களை லேசாக விரித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொன்னார். களிமண் கரைந்து விரலிடுக்கில் ஒழுகியது. கடைசியில் உள்ளங்கை ரேகையின் மேல் ஒரு கல் நின்றது. அதைச் சுற்றி ஒரு துளி தங்கம்.

அக்கா கையை நீட்டினார்.

“பிள்ளை, இதுதானோ? வடிவாப் பாத்துச் சொல்லும்.”

வைதேகி பார்த்தாள். தலையை ஆட்டினாள். அதை எடுக்கவில்லை, அக்காவின் கையையே மண்ணோடும் நீரோடும் சேர்த்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டாள். அக்கா இன்னொரு கையால் அவள் தலையைத் தடவியபடி, “சரி, சரி, முடிஞ்சுது, முடிஞ்சுது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை அவர் யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

“நானும் பாக்கட்டுமா?” என்று பிரதீப் கையை நீட்டினான்.

“நீ தொடாத!” என்றாள் வைதேகி. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். டேரன் எங்கள் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டிவிட்டு, இனிமேல் எதையாவது புதைப்பதாக இருந்தால் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள் என்றார்.

நர்ஸ் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, நசுங்கிய சொம்பில் துண்டுகளைப் போட்டு, டேரன் காட்டிய இடத்தில், அடித்தளத்துக்கு வெளியே வேலியோரம் பிரதீப் குழி வெட்டினான். அக்கா பக்கத்தில் நின்று, “இது ஆருடைய காணி எண்டு நல்லாத் தெரியுமோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். முளைத்த பயிரையும் வேரோடு பெயர்த்து அதன்மேலேயே நட்டுவிட்டேன்.

அப்போது வைதேகியின் போன் அடித்தது. அப்பா. அவள் எங்களைப் பார்த்தாள், பிறகு எடுத்தாள்.

“என்னம்மா, போனே எடுக்க மாட்டேங்கிற? உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் ஆசாரி கடைலதான் நிக்கிறேன். அளவு கேக்குறாரு. இன்னைக்குக் குடுத்தாத்தான் திருகு ரெடி பண்ண முடியுமாம்.”

“இதோப்பா. ஒரு நிமிஷம்ப்பா. இதோ அனுப்புறேன்.”

அக்காவின் தோண்டும் கரண்டியில் ஆழம் பார்க்க அளவுகோல் கீறியிருக்கும். வைதேகி மூக்குத்தியை அதன்மேல் படுக்கவைத்து, தண்டை நிமிர்த்தி, படமெடுத்து அனுப்பினாள். திருச்சியில் ஆசாரி பார்க்கும்வரை நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம்.

“ஆங், போதும்ங்கிறாரு. தெளிவா இருக்காம்.” அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் கொஞ்சம் தழைந்தது. “அம்மாவுது அப்படியே இருக்குல்ல?”

“அப்படியே இருக்குப்பா.”

“ஆனா ஏம்மா அதுல இவ்வளவு மண்ணு?”

வைதேகி பிரதீப்பைப் பார்த்தாள். “அது… நம்ம புது மனை மண்ணுப்பா.”

“அடுத்தவங்க மனை” என்று பிரதீப் வாய்க்குள் முனகினான்.

“என்னது? மாப்ள என்ன சொல்றாரு?”

“ஒண்ணுமில்லப்பா” என்றாள் வைதேகி, வாயைப் பொத்திச் சிரித்தபடி. “நீங்க வாங்க. நேர்ல சொல்றேன்.”